வீடும் வெளியும்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வீடுகள் எத்தனை அடுக்காயினும், எத்துணை அழகாயினும், அவை மாத்திரம் கூடி ஊராகிவிடா. வீட்டினின்று புறப்பட்ட மனிதன் எங்கே நடப்பது, அயலானை எங்கே சந்திப்பது, அவன் குழந்தை எங்கே ஓடுவது, அவனைப் பெற்ற கிழவி எங்கே அமர்ந்து காற்று வாங்குவது என்னும் கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அது ஊர். இல்லையேல் அது சரக்கு அடுக்கி வைத்த கிடங்கே. அவ்விடையைத்தான் பொதுவெளி என்கிறோம். சொந்த நிலமும் சோலையும் உடையவனுக்குப் பொதுவெளி ஓர் அலங்காரம். இரண்டு அறைக்குள் ஏழு பேராய் வாழ்பவனுக்கு அது வீட்டின் மூன்றாவது அறை. ஆகையால் பொதுவெளியைப் பற்றிய விசாரணை ஏழையின் சொத்தைப் பற்றிய விசாரணையே என்பது நமது துணிபு.

தமிழில் இப்பொருளுக்குச் சொற்பஞ்சம் இல்லை. மன்றம், பொதியில், அம்பலம், மந்தை, களம் எனப் பல சொற்கள் உண்டு. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாய் விடப்பட்ட நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். அச்சொல்லே பின்னர் மனிதரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாயிற்று. பொது நிலத்தை நாம் எவ்வளவு மதித்தோம் என்பதற்கு இவ்வொரு சொல்லின் கதி போதும். மதியாதது ஒருபுறம் இருக்க, இருந்ததையாவது எல்லார்க்கும் திறந்து வைத்தோமா? குளம் பொது, அதில் இறங்கக்கூடாதார் சிலர். தெரு பொது, அதில் செருப்பணிந்து நடக்கக்கூடாதார் சிலர். வைக்கத்தில் 1924-ஆம் ஆண்டு தொடங்கிய சத்தியாக்கிரகம் கோயிலுக்குள் புகுவதற்காக நடந்ததன்று. கோயிலைச் சுற்றியிருந்த பொது வீதிகளில் எல்லாரும் நடப்பதற்காக நடந்தது. வெறும் நடை! அதற்காகச் சிறை சென்றவர்கள் எத்தனை பேர்! ஒரு வீதியில் யார் நடக்கலாம் என்பதை முடிவு செய்பவன், அவ்வூரில் யார் மனிதர் என்பதையும் முடிவு செய்துவிடுகிறான்.

கடல் கடந்து வந்து நாம் குடியேறிய ஊர்களில் இக்கேள்வி வேறு வடிவம் கொண்டது. அங்கே சாதி வகுத்த எல்லைகளை இங்கே சர்க்காரின் வரைபடம் வகுத்தது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் துரை 1822-ஆம் ஆண்டு நகர அமைப்புக்கென்று ஒரு குழுவை நியமித்தார். லெப்டினென்ட் ஜாக்சன் என்பார் வரைந்த படத்தில் ஐரோப்பியருக்கு ஒரு பகுதி, சீனருக்கு ஒரு பகுதி, அராபியருக்கும் பூகிஸ் மக்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், ஆற்றோரமாய்ச் சூலியா கம்பம் என்று நம்மவர்க்கு ஒரு பகுதி எனக் கோடு கிழிக்கப்பட்டது. கடற்கரைக் காற்று யாருக்கு, சேற்று நிலம் யாருக்கு என்பது அக்கோட்டிலேயே அடங்கிவிட்டது.

ஆயினும் அதே ராஃபிள்ஸின் கட்டளைகளில் பொதுமக்களுக்கு நன்மையான ஒன்றும் இருந்தது. கடை வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் வீட்டு முகப்பில் கூரையிட்ட நடைவழி ஒன்றை விட வேண்டும். அது வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்ல வேண்டும். வெயிலிலும் மழையிலும் எவரும் தடையின்றி நடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நம் பட்டணவாசிகள் அஞ்சடி என்று வழங்குவது அதனையே. நிலம் வீட்டுக்காரனுடையது; நடக்கும் உரிமை ஊராருடையது. இவ்விரண்டையும் ஓரிடத்தில் பொருத்திய ஏற்பாடு அது. அவ்வஞ்சடியில்தான் நம்மவர் நாணயம் மாற்றினர், முடி வெட்டினர், பூத் தொடுத்தனர், கடிதம் எழுதிக் கொடுத்தனர். நடைவழியைக் கடைகள் அடைக்கின்றன என்று 1888-ஆம் ஆண்டு நகராட்சி அவற்றை அகற்றப் புகுந்தபோது சிங்கப்பூரில் கலகமே மூண்டது. நடப்பவனுக்கும் பிழைப்பவனுக்கும் ஒரே அஞ்சடி போதவில்லை. இரு சாரார் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பொதுவெளிச் சண்டைகள் பெரும்பாலும் இத்தகையனவே.

வெளி குறைந்த ஊரில் நோய் மிகும். சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்த பேராசிரியர் சிம்சன் 1907-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில் காற்றும் வெளிச்சமும் இன்றி ஜனங்கள் அடைபட்டிருந்ததைக் காட்டினார். வீடுகளுக்குப் பின்னே சந்து விடவேண்டும் என்னும் யோசனை அதிலிருந்து வலுப்பெற்றது. பின்னர் 1927-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஏற்பட்டது. 1958-இல் தீவு முழுமைக்கும் முதற்பெருந்திட்டம் சட்டமாயிற்று. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தை அறைகளால் அடைக்காமல் தூண்களோடு திறந்தே விடும் வழக்கம் பின்னர் அங்கே வேரூன்றியது. மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணமும் சீனர் வீட்டு இழவும் தமிழ்க் கிழவர்களின் அரட்டையும் அந்த ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. அஞ்சடியின் பேரப்பிள்ளை அது.

திடலுக்கும் வீட்டுக்கும் உள்ள வழக்கை அறிய வேண்டுவோர் சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க்கைப் பார்த்தல் நலம். 1840-களில் அது குதிரைப் பந்தயத் திடல். இன்றும் பக்கத்துச் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்றே பெயர். சிங்கப்பூரின் முதல் ஆகாய விமானம் 1911-இல் அங்கிருந்தே பறந்தது. பந்தயம் 1933-இல் புக்கித் தீமாவுக்குப் போன பின்னர், நிலம் பொதுமக்களின் விளையாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17-இல், பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் அத்திடலில் கூட்டப்பட்டனர்; இந்திய தேசிய இராணுவத்தின் முதல் அத்தியாயம் அப்புல்லின் மேல் எழுதப்பட்டது. யுத்தத்துக்குப் பின் அரசியல் கூட்டங்களும் தொழிலாளர் கூட்டங்களும் அங்கே நடந்தன. ஞாயிறு தோறும் பந்தாட்டம் நடந்தது. இத்தனையும் ஒரு வெற்று நிலம் செய்த காரியம்! அங்கே ஒரு மாளிகை நின்றிருந்தால் இவற்றுள் எது நடந்திருக்கும்? அந்நிலத்தில் சுமார் 1,600 வீடுகளும், அவற்றோடு விளையாட்டிடங்களும் அமைப்பதென்று 2022-இல் அறிவிப்பு வந்தது. வீடு வேண்டுவோரும் நம் மக்களே. திடலை நினைந்து வருந்துவோரும் நம் மக்களே.

நிற்க, பட்டணத்தை விட்டுத் தோட்டத்துக்கு வருவோம். நாம் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். நகரமைப்பு நூல் ஒன்றையும் கண்டறியாத அக்காலத்திலேயே நாம் ஒரு திட்டத்துக்குள் வாழ்ந்தோம் என்பது பிற்பாடே விளங்கிற்று. துரை பங்களா குன்றின்மேல். அங்கிருந்து எல்லாம் தெரியும். கிராணிமார் வீடுகள் சரிவில். லயங்கள் பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில். ஆபீசுக்கு முன்னே பெரட்டுக் களம். விடியுமுன் அங்கே பெயர் கூப்பிடுவார்கள். அக்களத்தில் காலையில் நாம் கூலிகள். மாலையில் அதே களத்தில் பந்தடிக்கும்போது மனிதர்கள். திருவிழாவுக்குக் கூத்தும் அங்கே, தீபாவளிக்குச் சினிமாவும் அங்கே, சம்பளத் தகராற்றில் ஆட்கள் கூடி நின்றதும் அங்கே. குன்றிலிருந்து வரைந்த திட்டத்தில் அது ஆள் எண்ணும் இடம். எண்ணப்பட்டவர்கள் அதைத் தங்கள் மன்றமாக்கிக் கொண்டார்கள்.

ஆனால் அக்களத்தின் ஓரத்தில் நம் தாய்மார் அமர்ந்து நாம் கண்டதில்லை. பால் வெட்டித் திரும்பி, சமைத்து, துவைத்து, அவர்கள் ஓய்ந்த நேரத்தில் களம் ஆண்பிள்ளைகளுக்கும் கள்ளுக்கடை வழி வந்தோர்க்கும் உரியதாயிருந்தது. அவர்களுக்கு மன்றம் தண்ணீர்க் குழாயடிதான். பாதி ஜனங்கள் கால் வைக்க அஞ்சும் இடத்தைப் பொதுவிடம் என்று சொல்வது பாதி உண்மையே ஆகும்.

ஊரை அமைக்கும் கலை சாஸ்திரமாகத் திரண்டது நெடுங்காலத்துக்கு முன்னரன்று. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் என்பார் 1898-ஆம் ஆண்டு தோட்ட நகரம் என்னும் கருத்தை நூலாக வெளியிட்டார். ஊரின் வசதியும் காட்டின் காற்றும் ஒருங்கே வேண்டும், நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அந்த லாபம் ஊராருக்கே சேரவேண்டும் என்பன அவர் கொள்கைகள். அக்கொள்கை வழி வந்த சார்லஸ் ரீட் என்பார் 1921-இல் மலாயா ஐக்கிய நாடுகளுக்கு நகர அமைப்பாளராக வந்து சேர்ந்தார். மரம், புல்வெளி, வளைந்த சாலை என்பன துரைமார் வட்டாரங்களில் ஓங்கி வளர்ந்தன. நிலத்தின் லாபம் ஊராருக்கு என்னும் பகுதி மாத்திரம் கப்பலிலிருந்து இறங்கவில்லை போலும்.

இவருக்கு முன்னரே நம் தாய்நாட்டுக்கு ஓர் அறிஞர் வந்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ் என்பவர், உயிர்நூல் கற்றவர். அவர் நகரங்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றைச் சென்னைக்கு அனுப்பினார். அதை ஏற்றிவந்த கப்பலை 1914-இல் எம்டன் மூழ்கடித்துவிட்டது; சென்னையையும் பினாங்கையும் நடுங்க வைத்த அதே எம்டன்தான். நண்பர்கள் மீண்டும் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. பின்னர் அவர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் தஞ்சையும் அவற்றுள் அடங்கும். அவர் போதித்தது ஒன்றே: திட்டம் போடுமுன் ஆராய்ந்து பார். ஆராய்தல் என்றால் மேசையில் அமர்ந்து அளவுகோல் பிடித்தலன்று. தெருத்தெருவாய் நடந்து, எந்த மரத்தடியில் யார் கூடுகிறார்கள், எந்தக் கிணற்றில் எந்நேரம் கூட்டம் என்று கண்ணால் காண்பது. நெருக்கமான தெருவை நேராக்குகிறோம் என்று நூறு வீட்டை இடித்துத் தள்ளும் பொறியாளர் முறையை அவர் கடிந்தார். பாழடைந்த சில சுவர்களை மாத்திரம் நீக்கி, கிடைத்த சிறு இடத்தில் மரம் நட்டு, குடியிருப்போரைக் குடியிருக்க விடுவதே அவர் சொன்ன வைத்தியம். நோயாளியைப் பிழைக்க வைக்கும் சிகிச்சையல்லவா சிகிச்சை!

அண்மைக் காலத்து ஆராய்ச்சியும் அதே வழியில்தான் பயன் தந்திருக்கிறது. நியூயார்க் நகரில் 1961-இல் ஒரு விதி வந்தது. கட்டடக்காரர் தரையில் ஒரு சதுர அடியைப் பொதுவெளியாக விட்டால், மேலே அதற்குப் பதிலாகச் சில வட்டாரங்களில் பத்துச் சதுர அடி வரை கூடுதலாய்க் கட்டிக்கொள்ளலாம் என்றது. வெளிகள் பல தோன்றின. ஆனால் பலவற்றில் ஈ காக்கை இல்லை. வில்லியம் வைட் என்பார் தம் குழுவோடு படக்கருவிகளை வைத்து, எங்கே யார் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று நாள்தோறும் பதிவு செய்தார். 1980-இல் அவர் வெளியிட்ட முடிவு குழந்தைக்கும் விளங்கும்: உட்கார இடமுள்ள இடத்தில் ஜனங்கள் உட்காருகிறார்கள். பளிங்கும் சிற்பமும் கூட்டம் சேர்க்கவில்லை. திண்ணையும் நிழலும் தின்பண்டக்காரனும் சேர்த்தனர். அவர் பார்த்ததன் பயனாய் 1975-இலேயே அந்நகரத்து விதிகள் திருத்தப்பட்டு, வெளி விட்டால் இருக்கையும் போட வேண்டும் என்றாயிற்று. திண்ணை கட்டிய நம் முன்னோருக்கு இது தெரிந்த சங்கதி. ஆனால் தெரிந்ததை எண்ணிக் காட்டினால்தான் சட்டம் திரும்பும் என்பதை அவரிடம் கற்கலாம்.

இனி நம் தலைமேல் நிற்கும் விஷயத்துக்கு வருவோம். மலேசியாவின் 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, நிலத்தை மூவகையாகப் பிரிக்கிறது: விவசாயம், கட்டடம், தொழில். ரப்பர்த் தோட்டம் விவசாயம். பட்டணம் விரிந்து தோட்டத்தின் வேலியைத் தொட்டவுடன், விவசாயம் என்பது கட்டடம் என்று மாற்றப்படுகிறது. அப்போது நிலத்தின் விலை பன்மடங்காகிறது. அந்த ஏற்றம் பட்டாக்காரனைச் சேருகிறது. லயத்து வீடோ வேலையோடு ஒட்டியது; வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறை அம்மண்ணில் பிறந்து புதைந்தவர்களுக்கு அம்மூவகையுள் எதிலும் இடமில்லை. தோட்டத்து நிலத்தில் நிற்கும் தமிழ்ப் பள்ளிகள் இடம் தேடி அலைந்த கதையும் இதனுள் அடங்கியதே. பினாங்கில் புவா பாலா கம்பத்து மக்கள் நீதிமன்றம் வரை சென்று தோற்று, 2009-இல் வீடுகள் இடிபடக் கண்ட காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நகராண்மைக் கழகத்தின் மண்டபத்தில் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஊர்ப்பெயர் இங்கே வேண்டுவதில்லை. பால்மரத் தோட்டமொன்றில் எஞ்சியிருந்த லயத்திலிருந்து ஒரு முதியவரோடு நாமும் அங்கே சென்றோம். சுவர் நிறையப் படம்; வண்ண வண்ணக் கட்டங்கள். பச்சை என்றால் திறந்தவெளி. வீட்டுக்கும் கடைக்கும் ஆலைக்கும் வேறு வேறு வண்ணங்கள். முதியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் தேடினார்.

“ஏன் தம்பி, நம்ம லயம் இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார்.

லயம் இருந்த இடம் முழுதும் ஒரே வண்ணமாய்க் கிடந்தது. அங்கிருந்த உத்தியோகஸ்தர் மரியாதையுள்ள இளைஞர். இப்படம் இன்றுள்ளதைக் காட்டுவதன்று, இனி வரப்போவதைக் காட்டுவது என்று மலாயில் எடுத்துச் சொன்னார். நாம் தமிழில் சொன்னோம்.

“அப்ப, வரப்போற காலத்துல நாங்க இல்லையா?” என்றார் பெரியவர். கோபத்தோடு கேட்கவில்லை, கணக்குப் பிள்ளையிடம் பற்றுவரவு கேட்பது போலக் கேட்டார்.

அவ்விளைஞருக்கு விடை இல்லை. ஆனால் அவரிடம் ஆட்சேபனைப் படிவம் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தார். மேசையோரத்தில் நின்றே எழுதினோம்: லயத்துக் குடும்பங்களுக்கு அங்கேயே வீடு, பெரட்டுக் களம் பொதுத் திடல் என்று இரண்டு கோரிக்கை. விசாரணைக்கு அழைத்தார்கள், பெரியவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். இறுதித் திட்டம் வந்தபோது களம் பச்சையாகியிருந்தது, லயம் ஆகவில்லை. பாதிதான் கிடைத்தது. எழுதாதிருந்தால் அந்தப் பாதியும் இல்லை.

இவ்வழக்கு மிகப் பெரிதாய் எழுந்த இடம் கோலாலம்பூரின் புக்கித் கியாரா. அதுவும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமே. நிலத்தைப் பொதுக் காரியத்துக்கென்று சர்க்கார் எடுத்துக்கொண்ட பின்னர், 1980-களின் தொடக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ‘ரூமா பாஞ்சாங்’ என்னும் தற்காலிக வரிசை வீடுகளில் வைக்கப்பட்டன. தற்காலிகம் என்பது அங்கேயே பேரன் பேத்தி எடுக்கும் அளவுக்கு நீண்டது. அவ்வீடுகளை அடுத்து மலர்ந்தது தாமான் ரிம்பா கியாரா என்னும் சுமார் 25 ஏக்கர்ப் பூங்கா. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் அப்பூங்காவில் ஏறக்குறைய 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரை உயர்ந்த எட்டுக் கட்டடங்களுக்கு மாநகர நிர்வாகம் அனுமதி வழங்கியது. அவற்றோடு குறைந்த விலை வீடுகளுக்காக 29 மாடிக் கட்டடம் ஒன்று. அதில் நூறு வீடுகள் வரிசை வீட்டுக் குடும்பங்களுக்கு என்றார்கள்.

இங்கேதான் சூட்சுமம். வீட்டுக்காக முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்தவன் ஒருபுறம். மாலை நடைக்கும் மரநிழலுக்கும் பூங்காவை நம்பியவன் மறுபுறம். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, வீடு வேண்டுமா, வெளி வேண்டுமா என்று கேட்டாயிற்று. நூறு குடும்பங்களின் கண்ணீரைக் காட்டிச் சுமார் 1,800 மாடி வீடுகள் விற்பனைக்கு எழும்பும் என்பது பேச்சில் அடங்கிப் போயிற்று. வரிசை வீடுகள் நிற்கும் இடத்திலேயே அக்குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கட்டுவதை எதிர்க்கவில்லை என்று பூங்காவைக் காக்க நின்றோர் பலமுறை சொன்னார்கள். ஆயினும் ஏழைக்கு வீடு வரவிடாமல் தடுப்பவர்கள் என்னும் பழி அவர்கள்மேல் விழுந்தது. பூங்காவைக் கெடுப்பவர்கள் என்னும் பழி நம்மவர்மேல் விழுந்தது. பழி விழாதார் யார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வழக்கு உயர் நீதிமன்றத்தில் 2018-இல் தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜனவரியில் அனுமதியை ரத்துச் செய்தது. கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 18-இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அத்தீர்ப்புகளிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. கோலாலம்பூரின் அமைப்புத் திட்டம் விரும்பினால் பார்க்கும் யோசனை ஏடு அன்று, சட்டப்படி மதிக்க வேண்டிய ஆவணம். அதில் பூங்கா என்றிருப்பதை மாற்றுவோர் தக்க காரணம் கூறக் கடமைப்பட்டவர்கள் என்பது ஒன்று. அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபிக்கவும் தம் கருத்தைச் சொல்லவும் உரிமை உண்டு என்பது இரண்டு. அனுமதி கொடுப்பவர், கேட்பவரின் அமைப்பிலும் பதவி வகிப்பது முறையன்று என்பது மூன்று. பூங்கா பிழைத்தது. ஆனால் அத்தீர்ப்பு வந்த நாளில் வரிசை வீட்டுக் கூரைகளின் கீழ்க் காத்திருந்தவர்களின் காத்திருப்பு முடியவில்லை. ஆகையால் அதனைப் பாதி வெற்றி என்றே நாம் கொண்டோம்.

வீட்டையும் வெளியையும் பகையாக்குவது நிலப் பஞ்சம் அன்று என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. கதவை மூடிக்கொண்டு திட்டம் போடும் வழக்கமே அவற்றைப் பகையாக்குகிறது. பிந்திக் கேட்டால் ஒவ்வொருவனும் தன் பங்குக்குச் சண்டையிடத்தான் வேண்டும். முந்திக் கேட்டால் இரண்டுக்கும் இடம் காணலாம். நாலு ஏக்கரில் மக்களுக்கு வீடும், பக்கத்தில் எல்லார்க்கும் பூங்காவும் என்று முதல் நாளே படத்தில் எழுதியிருந்தால், இத்தனை ஆண்டு நீதிமன்ற வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் வாசல் இல்லாமல் இல்லை. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்டத்தின் வரைவைக் குறிப்பிட்ட காலம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். யாரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டட அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்தின் சொந்தக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்; அவர் 21 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம். சொந்தக்காரருக்கு என்னும் சொல்லைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவனும் லயத்தில் இருப்பவனும் சொந்தக்காரன் அல்லன். அவனுக்கு அக்கடிதம் வராது. ஆதலின் வரைவு பொதுவில் தொங்கும் நாட்களே அவனுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. சிங்கப்பூரிலும் பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கொருமுறை மறு ஆய்வு செய்து, வரைவைப் பார்வைக்கு வைக்கிறார்கள். அவ்விடங்களில் நம்மவர் முகம் காண்பது அரிது.

கோயிலுக்கு இடம் கேட்டு ஊர் கூடி மனுப் போடுகிறோம், கூடட்டும். ஆனால் பெண்கள் அஞ்சாமல் அமர ஒரு வெளிச்சமுள்ள திடல் வேண்டும், குழந்தைகளுக்கு ஓட இடம் வேண்டும், கிழவருக்கு நிழலில் ஒரு பெஞ்சு வேண்டும் என்று எத்தனை மனு போட்டிருக்கிறோம்? இருக்கும் திடலையேனும் குப்பை கொட்டாமல் காக்கிறோமா? தன் வாசலைப் பெருக்கி அடுத்தவன் வாசலில் தள்ளுகிறவனுக்குப் பொதுவெளியைப் பற்றிப் பேச வாய் வராது.

செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. ஊருக்கு ஊர் நம் சங்கங்கள் பல. பொங்கலுக்கும் கலை இரவுக்கும் செயற்குழு கூட்டுவது போல, வருஷத்துக்கு இருமுறை திட்ட வரைபடத்தை மேசைமேல் விரித்துப் படிக்கவும் கூட்டலாம். கெடிஸ் சொன்னபடி இளைஞர் சிலர் தங்கள் வட்டாரத்தைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் எத்தனை பேர் எந்நேரம் கூடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். விசாரணை நாளில் கண்ணீரைவிட அக்குறிப்பு அதிகம் பேசும். தோட்டத்திலும் கம்பத்திலும் வாழும் பெரியோர் எந்த மரம், எந்தக் களம், எந்த ஒற்றையடிப் பாதை ஊருக்குப் பொதுவாயிருந்தது என்று சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் அதைப் படமாக வரையலாம். அப்படமும் சர்க்காரின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கட்டும். எது விடுபட்டது என்பது அப்போது எல்லார் கண்ணிலும் படும். உங்கள் ஊரின் வரைவு எப்போது பார்வைக்கு வருகிறது என்று இவ்வாரமே நகராண்மைக் கழகத்தில் விசாரித்து வையுங்கள்.